சங்குப் பாட்டு

மேல வைக்காதீங்கம்மா. அது என்ன பெட்டி படுக்கையா, கிட்டார். எவனாவது வந்து அது மேல ஒரு சூட்கேஸை ஏத்துவான், கழுத்து போயிரும். இப்படி ஜன்னலோரமா சாய்ச்சு வைங்க, நான் காலை மடக்கிக்கிறேன். பரவாயில்லே, எழுபத்தோரு வயசு முழங்கால், மடக்கினா மடங்கும். நீட்டச் சொன்னாத்தான் யோசிக்கும்.

காலேஜ் பேண்டா? சொந்தப் பாட்டா, அடுத்தவன் பாட்டா? கவரா! ஆங், கவர். நல்ல பேரு. எங்க காலத்துல அதுக்குத் திருட்டுன்னு பேரு. இப்ப அழகா உறை போட்டுக் கொடுக்கறீங்க.

சிரிக்காதீங்க. நான் மெட்ராஸ் வந்துட்டுத் திரும்பிப் போறதே இந்த விஷயமாத்தான். நீங்க எங்கே இறங்கணும்? விருத்தாசலமா? அப்ப நேரம் இருக்கு. உங்களுக்கும் வேற போக்கிடம் இல்லே, ஜன்னல் சீட்டு, நடுவுல நான் உட்கார்ந்திருக்கேன்.

என் பேரு ஸ்தனிஸ்லாஸ். கூப்பிடறது ஸ்டேனி. ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். எழுபத்தாறுல, நீங்க இல்லே, உங்க அப்பாவே பொறந்திருக்க மாட்டார், எங்க காலனியில ஒரு பேண்டு வச்சிருந்தோம். ‘தி ரெட் சிக்னல்ஸ்.’ நான் லீட் கிட்டார். வேதமுத்துன்னு ஒருத்தன் டிரம்ஸ். டெரிக்னு ஒரு ஆங்கிலோ இந்தியப் பையன் பாடுவான், இப்ப ஆஸ்திரேலியாவுல எங்கேயோ இருக்கான், இருந்தா. காலனி கிளப்புல சனிக்கிழமை சாயங்காலம் டான்ஸ். நாங்க வாசிச்சாத்தான் டான்ஸ்.

என்ன வாசிப்போம்? இங்கிலீஷ் பாட்டுதான். ரேடியோவுல வரும், கொரகொரன்னு. ஒருவாட்டி கேட்டுட்டு நான் ட்யூனைப் பிடிச்சிருவேன். வார்த்தை? அது யாருக்குத் தெரியும். டெரிக்கே வாய்க்குள்ள கோலியைப் போட்டுக்கிட்ட மாதிரி ஏதோ உருட்டுவான். ஜனம் கண்ணை மூடிக்கிட்டு ஆடும். புரிஞ்சாத்தான் ஆடுவோம்னு எவனும் சொன்னதில்லே.

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அந்த இங்கிலீஷ் பாட்டெல்லாம் மட்டும் என்ன யோக்கியமா? லண்டன்ல நாலு வெள்ளைக்காரப் பையனுங்க முடியை வளர்த்துக்கிட்டு ஒரு பாட்டுப் பாடுவானுங்க, உலகமே குதிக்கும். தோண்டிப் பார்த்தா, அது அமெரிக்காவுல பருத்திக்காட்டுப் பக்கம் ஒரு கறுப்புக் கிழவர் பழைய கிட்டாரை வச்சுப் பாடினதா இருக்கும். அவரைத் தோண்டினா, அவருக்கு முன்னாடி யாரோ ஒரு அம்மா சர்ச்சுல பாடியிருக்கும். ரெக்கார்டு மேல பேரு மட்டும் லண்டன் பையன் பேரு. டெரிக்கோட சித்தப்பா கொண்டாந்த ஒரு பத்திரிகையில இதெல்லாம் போட்டிருந்துச்சு. படிச்சுட்டு நான் ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலே. அந்தக் கிழவருக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு மனுஷன் பாட்டை எடுத்தீங்களே, பேரைப் போட ஒரு இடம் இல்லாமப் போச்சா? மனசாட்சி வேண்டாமா?

அந்தக் கோபத்துலதான் முடிவு பண்ணேன். இனிமே அடுத்தவன் பாட்டு வேண்டாம், நாமே ஒண்ணு போடுவோம். தமிழ்ல போடுவோம். ராக் மியூசிக், ஆனா தமிழ்ல. அப்ப ஊர்ல எவனுக்கும் அந்த யோசனை வரலே, குறிச்சுக்கோங்க.

அப்படி வந்ததுதான் சங்குப் பாட்டு.

தெரியுமா? ‘சங்கு ஊதியாச்சு எந்திரிய்யா’ தெரியுமா! பாருங்க, தெரியும். பாடியே காட்டுறீங்களே! கொஞ்சம் மெதுவா, எல்லாரும் பார்க்கறாங்க. அது நான் போட்டது. ஆமாம்மா, உங்க பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கேன்.

சங்கு ஊதியாச்சு எந்திரிய்யா
தண்ணி கொண்டாந்தாச்சு எந்திரிய்யா
புதுவேட்டி வந்தாச்சு எந்திரிய்யா
ஊரே கூடியாச்சு எந்திரிய்யா

எப்படி? ஒர்க்‌ஷாப்புல காலையில ஏழு மணிக்குச் சங்கு ஊதும், ஊரே எழுந்திருக்கும். அதான் சங்கு. குளிக்கத் தண்ணி எடுத்து வச்சாச்சு. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ புதுவேட்டி வந்தாச்சு. ஆட்டம் பார்க்க ஊரே வந்தாச்சு, இன்னும் என்னய்யா தூக்கம், எந்திரி, ஆடு. இதான் அர்த்தம். ஒவ்வொரு ‘எந்திரிய்யா’வுக்கும் நடுவுல ஒரு ‘யே யே’ வரும் பாருங்க, அது முழுக்க முழுக்க நான் போட்டது. அதை எவனும் மறுக்க முடியாது.

மெட்டு எப்படி வந்துச்சுன்னு கேட்கறீங்க. காத்துல வந்துச்சும்மா. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, கிளப் ஹால்ல விட்டுட்டு வந்த கிட்டாரை எடுக்கப் போனேன். வந்துச்சு. பிடிச்சுக்கிட்டேன். கிட்டார்ல மூணே மூணு பிடி, மூணு கார்டு.

அடுத்த சனிக்கிழமை வாசிச்சோம் பாருங்க, ஆடின ஆட்டத்துல தரைப் பலகை உடைஞ்சிருச்சு. நெஜமாவே. மேடைக்கு முன்னாடி மூணு பலகை.

அதுக்கப்புறம் அந்தப் பாட்டு பட்ட பாடு இருக்கே. முதல்ல வேதமுத்து. அவன் ஒரு சின்னச் சண்டையில பேண்டை விட்டுட்டுத் திண்டுக்கல் போயி ஒரு பேண்டு செட்டுல சேர்ந்தான். கல்யாண ஊர்வலத்துல டிரம்பெட் வச்சு ஊதுவாங்களே, அது. போனவன் சும்மாப் போனானா, என் பாட்டையும் தூக்கிட்டுப் போனான். மாப்பிள்ளை அழைப்புக்கு என் பாட்டு. புதுவேட்டி வருதுல்ல, கல்யாணத்துக்குப் பொருத்தமா இருக்காம். திருட்டுப் பய. நாப்பது வருஷத்துக்கு மேல அவன்கூடப் பேசலே.

அங்கேயிருந்து ஒரு சாமியார் எடுத்தார். பங்குச் சாமியார். அவர் என்ன பண்ணார், புதுவேட்டியை எடுத்துட்டு ஏசுநாதரைப் போட்டு ஈஸ்டர் பாட்டாக்கிட்டார். செத்தவர் எந்திரிக்கிறாராம். சாமியாருக்குக் கற்பனையைப் பாருங்க! எங்கேயோ இருக்கிற ஆட்டப் பாட்டை எங்கே கொண்டுபோயி ஒட்டறார். கோயிலுக்குள்ள சண்டை போட முடியாதுன்னு விட்டுட்டேன். அப்புறம் ஒரு எலெக்‌ஷன்ல ஜீப்பு மேல குழாய் கட்டிக்கிட்டு ‘எந்திரிய்யா’ன்னான். ஜனம் எந்திரிச்சுச்சோ இல்லியோ, அவன் டெபாசிட் எந்திரிக்கலே.

எத்தனை பேரும்மா! எல்லாரும் ஒண்ணு எடுத்தாங்க, ஒண்ணு போட்டாங்க. ஆனா ஒருத்தனாவது என் வீட்டுக் கதவைத் தட்டி, ‘ஸ்டேனி, இது உன் பாட்டு, எடுத்துக்கவா?’ன்னு கேட்டானா? ஒருத்தன்கூட இல்லே.

போன தை மாசம் என் தம்பி பொண்ணு கல்யாணம், லால்குடியில. பந்தியில உட்கார்ந்திருக்கேன். பூரி வைக்கிறான். ஸ்பீக்கர்ல டங்கு டங்குன்னு என் பாட்டு! கிட்டார், டிரம்ஸ், எல்லாத்தோடயும். ஒரு பொண்ணு பாடுது. பாட்டுப் போடற பையன்கிட்ட ஓடினேன், எச்சில் கையோட. ‘யாரு தம்பி இது?’ ‘புளியங்கொம்பு அங்கிள், மெட்ராஸ் பேண்டு, செம ஹிட்டு.’ புளியங்கொம்பு! எங்களுக்காவது ரெட் சிக்னல்னு ஒரு கௌரவம் இருந்துச்சு. ‘யாரு எழுதினதுன்னு போட்டிருக்கு?’ அவன் போனைத் தேய்ச்சுப் பார்த்துட்டுச் சொன்னான்: ‘மரபுப் பாடல்.’

மரபுப் பாடல்! மரபுன்னா என்னம்மா அர்த்தம்? எழுதினவன் செத்துட்டான், கேட்க நாதியில்லேன்னு அர்த்தம். நான் உயிரோட நிக்கிறேன், கையில பூரி மசால். என்னைக் கொன்னு நடுகல் நட்டுட்டானுங்க.

விடலே. அட்ரஸ் வாங்கி மெட்ராஸ் போனேன். அண்ணா நகர்ல ஒரு வீட்டு மாடி, சத்தம் வெளியே போகாம இருக்கச் சுவர் பூரா முட்டை அட்டை மாதிரி ஒட்டி வச்சிருக்கானுங்க. பாடற பொண்ணு பேரு ஆதிரை. நல்ல மரியாதையான பொண்ணு, சண்டை போட விடாத மாதிரி மரியாதை. உட்காருங்க அங்கிள்னுச்சு, தண்ணி கொடுத்துச்சு. நான் போட்ட சத்தத்தையெல்லாம் கேட்டுட்டு, ‘உங்க பேரைப் போடறதுல எங்களுக்கு சந்தோஷம்தான் அங்கிள். நாங்க அதைத் திண்டுக்கல்ல ஒரு பேண்டு செட்டுலதான் கேட்டோம். யாருன்னு அவங்களுக்கே தெரியலே. உங்ககூட வாசிச்சவங்க யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும்’னுச்சு.

ரெக்கார்டு கிடையாது. டெரிக் ஆஸ்திரேலியாவுல. மிச்சம் யாரு? வேதமுத்து.

பல்லைக் கடிச்சுக்கிட்டு யார்கிட்டயோ நம்பர் வாங்கிக் கொடுத்தேன். என்ன இருந்தாலும் சத்தியம்னு வந்தா பொய் சொல்ல மாட்டான்னு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் என்னைக் கெடுத்துச்சு. பொய்யே சொல்லலே.

நேத்து மறுபடியும் வரச் சொல்லியிருந்தாங்க. போறேன், மாடியில வேதமுத்து உட்கார்ந்திருக்கான். பல்லு போச்சு, ஆளு பாதியா இருக்கான். ‘வாடா மாப்ளே’ங்கறான், நேத்துத்தான் பார்த்த மாதிரி. பக்கத்துல அவன் கூட்டிட்டு வந்த ஒரு பொம்பளை. அம்பத்தஞ்சு வயசிருக்கும், சத்துணவுக்கூடத்துல சமையல் வேலை பார்க்கறவங்களாம். தவமணின்னு பேரு. எங்க காலனிக்குப் பின்னாடிதான் வீடாம், நான் பார்த்ததே இல்லே.

‘இவங்க யாரு?’ன்னேன்.

வேதமுத்து சொன்னான், ‘செங்கமலம் மக.’

சரி, இப்ப செங்கமலம் யாருன்னு சொல்லணும். பெரிய விஷயம் ஒண்ணுமில்லே. கிளப்புல கூட்டிப் பெருக்கினவ. சனிக்கிழமை நாங்க ஆடிட்டுப் போனா, ஞாயித்துக்கிழமை காலையில அந்தக் குப்பையை அள்றது அவ வேலை. பெருக்கும்போது ஏதாவது முனகிக்கிட்டே பெருக்குவா. நான் கிட்டார் எடுக்கப் போன அன்னைக்கும் முனகிக்கிட்டுத்தான் இருந்தா. ஜன்னல் வழியாக் கேட்டுச்சு. நான்தான் சொன்னேனே, காத்துல வந்துச்சுன்னு. பொய்யா சொன்னேன்?

என்ன அப்படிப் பார்க்கறீங்க? அவ பாடினது பாட்டாம்மா? கார்டு இருக்கா? தாளம் இருக்கா? விளக்குமாறு சத்தம்தான் தாளம். நான் அதை எடுத்து, வேகத்தைக் கூட்டி, ஆடற மாதிரி பண்ணி, யே யே போட்டு… கல்லுல சிலை இருக்குங்கறதுக்காகக் கல் உடைச்சவனா சிற்பி?

இதைத்தான் அங்கேயும் சொன்னேன். அந்தப் பொண்ணு ஆதிரை, நான் சொன்னதையெல்லாம் கேட்டுட்டு, தவமணியைப் பார்த்து, ‘ஆன்ட்டி, இது எதைப் பத்தின பாட்டு?’ன்னு கேட்டுச்சு.

தவமணி ரொம்ப சாதாரணமாத்தான் சொல்லுச்சு. ‘எங்கப்பா ஒர்க்‌ஷாப்புல கலாசி, சாமான் தூக்கற வேலை. ராத்திரி படுத்தவரு எந்திரிக்கலே. ஏழு மணிச் சங்கு ஊதி, அம்மா போயி எழுப்பினா, ஆள் இல்லே. எனக்கு ஆறு வயசு. அன்னைக்குப் பூரா அம்மா அழுவாம எழுப்பிக்கிட்டே இருந்துச்சு. சாயங்காலம் சங்கு வந்துச்சு, சாவுக்கு ஊதற சங்கு. குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணி வந்துச்சு, மேல போர்த்த மாமன் வீட்டுக் கோடி வேட்டி வந்துச்சு. ஒவ்வொண்ணா வரவர, வந்துருச்சு எந்திரிய்யான்னு சொல்லும். சொல்லிச் சொல்லி அது பாட்டாச்சு. கிளப்புல பெருக்கற வேலையே அப்பா செத்ததுக்கப்புறம் கொடுத்த வேலைதானே. பெருக்கும்போது பாடும்.’

அந்தப் புளியங்கொம்புப் பசங்க நாலு பேரும் தரையைப் பார்க்கறாங்க. வேதமுத்து கண்ணைத் துடைக்கிறான். கல்யாணம் கல்யாணமா அதை ஊதினது இவன்தான், இப்பத் துடைக்கிறான்.

நானா? நான் என்ன கண்டேன்மா. சங்குன்னா எங்களுக்கு ஒர்க்‌ஷாப் சங்குதான். தண்ணி, வேட்டி, கூட்டம்… கேட்டா நல்ல காரியம் மாதிரிதானே இருக்கு? உங்களுக்கும் அப்படித்தானே இருந்துச்சு? இப்பத்தானே ஆடிக்கிட்டே பாடினீங்க.

ஆதிரை, ‘அம்மா பாடின மாதிரி பாடுவீங்களா?’ன்னு கேட்டுச்சு. தவமணி முந்தானையால வாயைத் துடைச்சுக்கிச்சு. அப்புறம் பாடுச்சு. ரொம்ப மெதுவா. சொல்லக் கூடாது, குரல் இருக்கு. ஆனா ரெண்டாவது ‘எந்திரிய்யா’வுல மேல போகணும், அது கீழ இறங்குச்சு. ஒரு சுரம் தப்பு. எனக்குக் காது சும்மா இருக்காதே. ‘அந்த இடத்துல ஏறணும்மா, இறங்கக் கூடாது’ன்னு திருத்தினேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தாங்க.

தவமணி, ‘அம்மாவுக்கு அங்கே இறங்கித்தான் சார் வரும்’னுச்சு. மறுபடியும் அதே இடத்துல இறங்கிப் பாடுச்சு.

அதோட விட்டிருக்கலாம். வேதமுத்து விடலே. ‘டேய் ஸ்டேனி, செங்கமலத்தை வேலையை விட்டு நிறுத்தினதை நீ சொல்றியா, நான் சொல்லவா?’ங்கறான்.

அது ஒண்ணுமில்லேம்மா. நாங்க அந்தப் பாட்டை மூணு நாலு வாரம் வாசிச்சிருப்போம். ஒரு சனிக்கிழமை பார்க்கிறேன், ஹால் கதவுகிட்ட இவ நிக்கிறா, செங்கமலம். உள்ளே ஜனம் ஆடுது, பொம்பளைப் பிள்ளைங்க விசிலடிக்குது. இவ கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. பாட்டு முடிஞ்சதும் நேரா மேடைகிட்ட வந்து, எல்லார் முன்னாடியும், ‘ஐயா, அதை இங்கே பாடாதீங்கய்யா’ங்கறா. எனக்கு எப்படி இருக்கும்? கையில கிட்டார், எதிர்ல ஜனம். ‘ஏன், உன் பேரு எழுதியிருக்கா?’ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவ போயிட்டா. மறுநாள் கிளப் செகரட்டரிகிட்ட ஒரு வார்த்தை சொன்னேன், வேலைக்காரி டான்ஸ் நேரத்துல உள்ளே வந்து கலாட்டா பண்றான்னு. ஒரு வார்த்தைதான். அடுத்த வாரம் வேற ஆள் பெருக்குச்சு. நான் நிறுத்தச் சொல்லலே. சொன்னேன், அவ்வளவுதான். வேதமுத்து அதுக்குத்தான் பேண்டை விட்டுட்டுப் போனான், பெரிய தர்மராஜா. போனவன் பாட்டை ஏன் தூக்கிட்டுப் போனான்னு கேளுங்க!

கேட்டேனே, அங்கேயே கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, ‘நல்லா இருந்துச்சுடா, விட மனசு வரலே. நானும் திருடன்தான்’ங்கறான். ஒருத்தன் இப்படிச் சட்டுனு ஒத்துக்கிட்டா நாம அதுக்கு மேல என்ன சண்டை போடறது? சண்டைக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

அப்புறம் எனக்கும் ஏதாவது சொல்லணுமே. தவமணிகிட்ட, ‘உங்கம்மா என்னை ரொம்பத் திட்டியிருப்பாங்க’ன்னேன். சத்தியமா, திட்டினாங்கன்னு சொல்லியிருந்தா மன்னிப்புக் கேட்டிருப்பேன். கேட்கறதாத்தான் இருந்தேன்.

தவமணி தலையை ஆட்டுச்சு. ‘இல்லே சார். அம்மா அதுக்கப்புறம் அந்தப் பாட்டைப் பாடவே இல்லே, அதுதான். எனக்கு ஞாபகம் இருக்கிறது அந்த ஒரு வருஷம் கேட்டதுதான். உங்களைப் பத்தி ஒண்ணும் சொன்னதில்லே. உங்க பேரே அதுக்குத் தெரியாது. கிட்டார்க்காரருன்னு சொல்லும், அவ்வளவுதான்.’

கிட்டார்க்காரரு.

ஆதிரை ஒரு தாளை அடிச்சுக் கொண்டாந்துச்சு. பாடல்: செங்கமலம். மேடையில் முதலில் வாசித்தவர்கள்: தி ரெட் சிக்னல்ஸ். இனிமே எல்லா இடத்துலயும் இப்படித்தான் போடுவாங்களாம், நாங்க மூணு பேரும் கையெழுத்துப் போட்டாச் சரி. வேதமுத்து படிக்காமலே போட்டான். நான் படிச்சேன். ‘என் பேரு எங்கே?’ன்னேன். ‘குழுப் பேரு இருக்கே அங்கிள்’னுச்சு. ‘எதுக்கும்மா இந்த வம்பெல்லாம், பழையபடி மரபுப் பாடல்னே இருந்துட்டுப் போகட்டுமே’ன்னு கூடச் சொல்லிப் பார்த்தேன். ஆமா, நான்தான் சொன்னேன். அப்ப வாயில அதுதான் வந்துச்சு.

தவமணிகிட்ட, ‘பாட்டை நாங்க பாடலாமா?’ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. எனக்கு ஆச்சரியமாப் போச்சு. கேட்கறாங்களேன்னு. ‘பாடுங்கம்மா, கல்யாண வீட்டுல மட்டும் வேணாம்’னுச்சு தவமணி.

நான் பேனாவை வாங்கினேன். செங்கமலங்கிற பேரு மேல பெரிசா இருந்துச்சு. கீழே என் பேரை முழுசா எழுதினேன். அ. ஸ்தனிஸ்லாஸ், லீட் கிட்டார்னு. கையெழுத்து இல்லே, கொட்டை எழுத்து. அம்மாவுக்குத்தான் தெரியாமப் போச்சு, மகளாவது படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்னு. எழுதித் தாளை அதுகிட்டயே நீட்டினேன். ‘படிச்சுப் பாருங்கம்மா’ன்னேன்.

‘கண்ணாடி கொண்டாரலே சார்’னுச்சு. கையெழுத்துப் போடற இடத்தை ஆதிரை விரல் வச்சுக் காட்டுச்சு, போட்டுச்சு. ஒரு காப்பியை நாலா மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டு எந்திரிச்சுச்சு. ஒரே ஊருக்குத்தானே போறோம், நாளைக்கு ரயில்ல சேர்ந்து போகலாமேன்னேன். பஸ்ஸுல போய்க்கிறேன் சார்னுட்டு இறங்கிப் போயிருச்சு.